மூன்றாவது காப்பி

ஒரு காலத்தில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில், ஒரு மாடி வீட்டில், ஒரு காப்பிப் பாத்திரமும் ஒரு பயணப் பெட்டியும் குடியிருந்தன. இரண்டும் அந்த ஊர்ச் சரக்கு அல்ல. போஸ்னியாவில் சானா ஆற்றங்கரையிலிருந்து ஹஸீப், ஸும்ரா என்ற கணவன் மனைவியோடு ரயிலேறி வந்தவை.

காப்பிப் பாத்திரத்துக்கு ஜெஸ்வா என்று பெயர். கையடக்கமான செம்பு உடம்பு, சாண் நீளப் பிடி, உருவத்துக்கு மீறிய ரோஷம். பெட்டியோ அலமாரியின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. முப்பத்து நான்கு வருடமாக அதே இடம்தான்.

பெட்டிக்குள் ஸும்ராவின் கல்யாணத்துக்கு வந்த ஆறு பீங்கான் கிண்ணங்கள் செய்தித்தாளில் சுருண்டு கிடந்தன. "நல்ல கிண்ணமெல்லாம் நம் ஊர் வீட்டுக்கு" என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். இங்கே குடிக்க, கடையில் கடுகுச் சாந்து அடைத்து விற்கும் கண்ணாடித் தம்ளர்களைக் கழுவி வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருடம் கிளம்புகிறோம்" என்று பெட்டி வருடா வருடம் சொல்லும்.

"போன வருடமும் இதையேதான் சொன்னாய்" என்று ஜெஸ்வா முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"போன வருடம் கூரை போடவில்லை. இப்போது மாடிப்படிக்குக் கைப்பிடி மட்டும்தான் மிச்சம்."

பெட்டி சொன்னது ஊரில் எழும்பிக்கொண்டிருந்த வீட்டை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஹஸீப் போய் ஓர் அறை கட்டிவிட்டு வருவான். அந்தப் பயணங்களுக்குத் துணிப்பை போதும். பெட்டி கடைசிப் பயணத்துக்கென்று வைத்தது. வீடு இரண்டு மாடி எழும்பியது. ஜன்னல் கண்ணாடியில் கடைக்காரர் ஒட்டி அனுப்பிய காகிதத்தை உரிக்கக்கூட அங்கே ஆள் இல்லை. நடுவில் போஸ்னியாவில் போர் வந்தது. வீடு தப்பியது, அக்கம்பக்கம் தப்பவில்லை.

இவர்களைப் போல வேலைக்கு வந்தவர்களை ஆஸ்திரியாவில் விருந்தாளித் தொழிலாளர்கள் என்று அழைத்தார்கள். எந்த வீட்டில் விருந்தாளி கையில் கடப்பாரையைக் கொடுத்துத் தண்டவாளம் பதிக்கச் சொல்வார்கள்? ஹஸீப் அதையெல்லாம் கேட்கவில்லை. பதித்தான். ஸும்ரா ஒரு பள்ளிக்கூடத்தின் பதினாறு வகுப்பறைகளைப் பெருக்கித் துடைத்தாள். ஆனால் விருந்தாளி என்ற பெயர் மட்டும் இருவர் மனதிலும் அப்படியே தங்கிவிட்டது. விருந்தாளி என்றால், எப்போது எழுந்து போவது என்று யோசித்துக்கொண்டேதானே உட்கார்ந்திருக்க வேண்டும்?

எழுந்து போவதற்கும் அவர்கள் ஊரில் ஒரு முறை உண்டு. ஜெஸ்வாவுக்கு அது அத்துப்படி. முதல் காப்பி வந்தவரை வரவேற்க. இரண்டாவது பேசிக்கொண்டிருக்க. மூன்றாவது வந்துவிட்டால், 'நல்லது, கிளம்புங்கள்' என்று அர்த்தம். ரோஷமுள்ளவர்கள் அதைக் குடித்து முடிப்பதற்குள் செருப்பைத் தேடுவார்கள்.

இவர்கள் லின்ஸுக்கு வந்த முதல் மாதம், கீழ்வீட்டு பிக்லர் அம்மா காப்பி சாப்பிடக் கூப்பிட்டார். அவர் வீட்டில் ஒரு பிளாஸ்க் இருந்தது. வயிறு பெருத்தது, கை ஓயாதது. அது ஆளுக்கு ஒரு கப் ஊற்றியது. கப் காலியானதும் மறுபடி ஊற்றியது. ஸும்ரா கேக்கில் பாதிகூடத் தின்று முடிக்கவில்லை, அதற்குள் மூன்றாவதையும் ஊற்றிவிட்டது.

கால் மணி நேரத்தில் மூன்று! ஹஸீபின் காதெல்லாம் சிவந்துவிட்டது. எழுந்தான். ஸும்ராவும் எழுந்தாள். அப்போது இருவருக்கும் அந்த ஊர் பாஷையில் வணக்கமும் நன்றியும்தான் தெரியும். இரண்டையும் சொல்லிவிட்டு மாடியேறினார்கள். "வா என்று கூப்பிட்டுவிட்டு இப்படித் துரத்தலாமா?" என்று ஸும்ரா அழுததை ஜெஸ்வா அடுப்பின் மேலிருந்து கேட்டது. அதற்குப் பிறகு பிக்லர் அம்மாவோடு படிக்கட்டில் வணக்கம் மட்டும்தான். ஜெஸ்வா அந்த பிளாஸ்க்கை மன்னிக்கவே இல்லை.

ஒருநாள் ஹஸீப் ஓய்வு பெற்றான். பெட்டியைக் கீழே இறக்கினார்கள். பெட்டிக்குத் தலைகால் புரியவில்லை.

"சொன்னேனா இல்லையா! ஆற்றங்கரையில் பிளம் பழுக்கும். ஜன்னலைத் திறந்தால் போதும், வாசனை வீட்டுக்குள் வந்து உட்காரும்."

கடுகுத் தம்ளர்களைக் காலையிலேயே குப்பையில் போட்டுவிட்டிருந்த ஸும்ரா, ஜெஸ்வாவைத் தேய்த்துத் துடைத்துக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் செருகினாள்.

"ஜன்னலைத் திறக்கலாம்" என்றது ஜெஸ்வா. "எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள்? நெவ்ஸெதா இல்லை. மேட்டு வீட்டு இப்ரோ இல்லை. அவர்கள் பிள்ளைகள் எந்தெந்த நாட்டிலோ. நான் யாருக்குக் காப்பி போடப் போகிறேன், அதைச் சொல் முதலில். குடிக்க ஆள் இல்லாத இடத்தில் நான் வெறும் செம்புத் தகடு."

பெட்டிக்கு நினைவிருந்ததெல்லாம் கிளம்பி வந்த நாளின் தெரு. தெரு முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள். அந்தத் தெருவைத்தான் அது இத்தனை வருடம் 'ஊர்' என்று சொல்லி வந்தது.

அழைப்பு மணி அடித்தது. பிக்லர் அம்மா. எண்பது வயது, மூச்சு வாங்கியது, கையில் அதே பிளாஸ்க்.

"சமையலறைச் சாமானையெல்லாம் கட்டி வைத்திருப்பீர்கள். அதனால் காப்பியை நானே கொண்டு வந்தேன். போவதற்கு முன் ஒரு வாய் குடிக்கலாம்."

எதில் குடிப்பது? ஸும்ரா ஒரு கணம் நின்றாள். பிறகு பெட்டியின் முன் மண்டியிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தாள்.

"அது ஊருக்கு! அது ஊருக்கு!" என்று பெட்டி பதறியது. யார் காதிலும் விழவில்லை.

சின்னக் கிண்ணங்கள். பிளாஸ்க் ஊற்றியது. இரண்டு மடக்கில் தீர்ந்தது. மறுபடி ஊற்றியது. அதுவும் தீர்ந்தது. மூன்றாவது முறை ஊற்றியதும் ஹஸீப் எழுந்தான். கொக்கியிலிருந்த கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தான்.

"எங்கே?" என்றார் பிக்லர் அம்மா.

"நேரமாகிவிட்டது. கிளம்புகிறோம்."

"ஹஸீப், இது உங்கள் வீடு. உங்கள் வீட்டிலிருந்து எழுந்து எங்கே போகப் போகிறீர்கள்?"

ஹஸீப் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றான். சத்தியமாக அவனுக்குத் தெரியவில்லை.

"அன்றைக்கும் மூன்றாவது கப்பில்தான் எழுந்து போனீர்கள்" என்றார் பிக்லர் அம்மா. "என் கேக்கில்தான் ஏதோ குறை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேக்கை நான் செய்யவே இல்லை."

ஸும்ரா முறையை விளக்கினாள். வரவேற்க ஒன்று, பேச ஒன்று, வழியனுப்ப ஒன்று. இப்போது அவளுக்கு அந்த ஊர் பாஷை நன்றாகவே வந்தது. பிக்லர் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கடவுளே! எங்கள் வீட்டில் கப்பைக் காலியாக விடமாட்டோம். காலியானால் வந்தவர் எழுந்துவிடுவாரே என்றுதான் ஊற்றிக்கொண்டே இருப்போம்."

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. முப்பத்து நான்கு வருடம், நடுவில் பதினெட்டுப் படிகள்.

பிளாஸ்க் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. "நான் அன்று ஊற்றியதெல்லாம் 'இருங்கள், இருங்கள்' என்று சொல்லத்தான்."

"உன்னை நிறையத் திட்டியிருக்கிறேன்" என்றது ஜெஸ்வா.

"எப்படி?"

"எங்கள் பாஷையில். விடு, உனக்குப் புரியாது."

ஹஸீப் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான். ஸும்ரா ஜெஸ்வாவை வெளியே எடுத்து அடுப்பில் வைத்தாள். "உட்காருங்கள் பிக்லர் அம்மா. இதுவரை குடித்ததெல்லாம் கணக்கில் இல்லை. இதுதான் எங்கள் வீட்டு முதல் காப்பி."

"கோடைக்கு ஊருக்குப் போவோம்" என்றான் ஹஸீப், யாரும் கேட்காமலே. "பிளம் பழுக்கும்போது. அந்த ஜன்னல் காகிதத்தையும் உரிக்க வேண்டும். நீங்களும் வாருங்கள்."

தண்ணீர் சுடும்வரை ஸும்ரா பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள். மிச்சமிருந்த கிண்ணங்கள், ஹஸீபின் கல்யாணக் கோட்டு, ஊர் வீட்டுச் சாவி. சாவியை மட்டும் நெஞ்சோடு ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு, வாசல் ஆணியில் தொங்கவிட்டாள்.

பெட்டி தேம்பியது. "முப்பத்து நான்கு வருடத்தில் என்னை இப்படி ஒருநாளும் காலி செய்ததில்லையே!"

ஜெஸ்வாவில் நுரை பொங்கி வந்தது.

"போய்ச் சேர்ந்த அன்றைக்குத்தானே பெட்டியைக் காலி செய்வார்கள்?" என்றது அது. "நாம் இன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம்."