சுருங்கிய குழாய்

திருச்சி பாலக்கரையில், ஒரு பேக்கரியின் மாடியில் மைமூன் டீச்சர் இருந்தார். ஒரு காலத்தில் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். பிறகு அதை விட்டுவிட்டுப் பழைய நாணயங்களைக் கெடாமல் பாதுகாத்துத் தரும் வேலையில் இறங்கினார். நாணயம் சேகரிப்பவர்கள் ஊர் ஊராக அவரைத் தேடி வந்தார்கள்.

அவருக்கு ஒரே ஒரு மாணவர். பெயர் கோதண்டம். ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். மனைவி காலமான பிறகு பொழுதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நாணயங்களைப் பார்க்கத் தொடங்கினார். சனிக்கிழமைகளில் டீச்சரிடம் வருவார்.

ஒரு நாள், சனிக்கிழமை அல்லாத நாளில் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருந்தது. உள்ளே மலாயா காலத்து வெள்ளி டாலர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, வாய்வரை.

“வெளியே வர மாட்டேங்குது டீச்சர்.”

மைமூன் குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். மேல் நாணயத்தின் விளிம்பு ஓர் இடத்தில் நசுங்கியிருந்தது.

“எதுல தட்டுனீங்க?”

“துணி துவைக்கிற கல்லுல.”

டீச்சர் நசுங்கிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“பினாங்குல இருந்த எங்க சித்தப்பா கொடுத்தது. என் மக தமயந்தி சின்னப் பிள்ளையா இருந்தப்ப இதைத் தரையில கொட்டி விளையாடுவா. அப்பல்லாம் சாய்ச்சா போதும், சரசரன்னு கொட்டும். அப்புறம் பீரோவுல வச்சதுதான். இன்னைக்கு அவகிட்ட கொடுக்கலாம்னு எடுத்தேன்.”

“இன்னைக்கு என்ன விசேஷம்?”

கோதண்டம் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

தமயந்திக்கு விசாகப்பட்டினத்தில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வேலை கிடைத்திருந்தது. கப்பலின் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. அதற்காகவே படித்தவள். கோதண்டம், அவ்வளவு தூரம் வேண்டாம் என்றார். அவள் மறுத்துப் பேசவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சமைத்து வைப்பாள், ஆனால் அவரோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். கேட்டதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான். வேலையில் சேரவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

“கதவைத் தட்டுனேன். கத்தியும் பார்த்துட்டேன். அழுதும் பார்த்துட்டேன் டீச்சர். இதைக் கொடுத்தாவது பேசுவாளான்னு பார்த்தேன். வரலைன்னதும் ஆத்திரத்துல கல்லுல நாலு போடு போட்டேன். சத்தம் கேட்டு வெளியே வந்தா.”

“என்ன சொன்னா?”

“‘உடைச்சுடாதீங்கப்பா, மைமூன் டீச்சர்கிட்ட கொண்டு போங்க’ன்னா. திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.”

மைமூன் மேசையில் தடிமனான கம்பளித் துணியை விரித்தார்.

“இத்தனை வருஷத்துல வெள்ளி உப்பிடுச்சு போல,” என்றார் கோதண்டம்.

“வெள்ளி உப்பாது அண்ணே.”

டீச்சர் அலமாரியில் இருந்து அதே அளவில் ஒரு புதுக் குழாயை எடுத்தார். இன்னொரு பெட்டியில் இருந்து அதே வகை டாலர் ஒன்றை எடுத்து உள்ளே போட்டார். அது தடையில்லாமல் அடிவரை போய் உட்கார்ந்தது. பிறகு இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பழையது ஒரு நூல் ஒடுங்கியிருந்தது.

கோதண்டம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“குழாயா சுருங்கிடுச்சு?”

“வருஷம் போகப் போக இந்த மாதிரி பிளாஸ்டிக் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாம, கொஞ்சம் கொஞ்சமா.”

“நாணயத்துல ஒரு மாற்றமும் இல்லையா?”

“இல்லை.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஃபிரிட்ஜுல வச்சா?”

“இன்னும் இறுக்கும்.”

“எண்ணெய் விட்டா?”

“இடுக்குல போய் உக்காந்துக்கும். அப்புறம் அதை எடுக்க வேற ஒரு பாடு.”

டீச்சர் குழாயின் மூடியை இறுக்கினார். தண்ணீர் உள்ளே போகாமல் மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். கெட்டிலில் தண்ணீர் வைத்து, கொதி வருவதற்கு முன்பே நிறுத்தி, ஒரு குவளையில் ஊற்றிக் குழாயை அதில் நிறுத்தினார்.

“நல்லாக் கொதிக்க விட்டா சீக்கிரம் ஆகாதா?”

“குழாய் கோணிக்கும். கோணிக்கிட்டா நாணயத்தை விடாது.”

இருவரும் காத்திருந்தார்கள். கீழே பேக்கரியில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. கோதண்டம் இரண்டு முறை குவளைக்குள் கை விடப் போனார். டீச்சர் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு டீச்சர் குழாயை எடுத்துத் துடைத்து, மூடியைத் திறந்து, துணிக்கு மிக அருகில் கவிழ்த்துப் பிடித்தார். உள்ளங்கைகளுக்கு இடையில் மெல்ல உருட்டினார். ஒரு நாணயம் வந்தது. அடுத்ததும் வந்தது. நசுங்கிய டாலரும் இன்னொன்றும் துணியில் கிடந்தன. அதற்கு மேல் அசையவில்லை.

மறுபடி தண்ணீர் வைத்தார்கள். மறுபடி காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

கோதண்டம் மேசையில் கிடந்த குறடை எடுத்தார்.

“கீழ வைங்க அண்ணே.”

வைத்துவிட்டார்.

“நடுவுலதான் ரொம்பச் சுருங்கியிருக்கு,” என்றார் டீச்சர். “சூட்டுக்கு இது இளகாது. வெட்டணும்.”

“குழாயையா?”

“குழாயைத்தான்.”

“இத்தனை வருஷம் ஒரு கீறல் விழாம காப்பாத்துனது அது டீச்சர்.”

“ஆமா. நல்லாத்தான் காப்பாத்தியிருக்கு.”

“அதைப் போய் வெட்டுறதா?”

மைமூன் இழுப்பறையில் இருந்து இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடு ஒன்றை எடுத்து, ஒரு முனையில் துணியைச் சுற்றி அவர் முன்னால் வைத்தார்.

“நான் வெட்ட மாட்டேன். உங்களுது. வேணும்னா இப்படியே வீட்டுக்குக் கொண்டு போங்க. உள்ள பத்திரமாத்தான் இருக்கும்.”

கோதண்டம் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். டீச்சர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வேறு யாருடையதோ ஒரு செப்புக்காசைப் பஞ்சில் சுற்றிக்கொண்டிருந்தார்.

பிளேடு உரசும் சத்தம் கேட்டது. டீச்சர் திரும்பவில்லை.

“எவ்வளவு ஆழம் டீச்சர்?”

“ஒரு தாள் கனம் மிச்சம் இருக்கணும். பிளேடு உள்ள தொடக்கூடாது.”

“எப்படித் தெரியும்?”

“அவசரப்படாம அறுத்தாத் தெரியும்.”

நீளவாக்கில் ஒரு பக்கம் அறுத்தார். இடையிடையே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மறுபக்கம். நெற்றி வியர்வை குழாய் மேல் சொட்டப் பார்த்தது. தோளில் துடைத்துக்கொண்டார். நாற்பது வருடம் சிக்னல் கம்பிகளை இழுத்துக் கட்டிய கை, அன்று பிளேடை அழுத்தாமல் நகர்த்தியது.

டீச்சர் வந்து ஒரு தட்டையான ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தார். கோதண்டம் அதை வெட்டில் வைத்துத் திருகினார். பட்டென்று ஒரு சத்தம். குழாய் இரண்டு பாதியாகப் பிரிந்தது. டாலர்கள் துணியின் மேல் சாய்ந்து வரிசையாகச் சரிந்தன.

டீச்சர் ஒவ்வொன்றையும் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, பூதக்கண்ணாடியில் பார்த்தார். எதிலும் பிளேடு பட்டிருக்கவில்லை.

கோதண்டம் நசுங்கிய டாலரை மட்டும் தனியாக எடுத்தார்.

“இதைச் சரி பண்ண முடியுமா?”

“முடியாது.”

“கொஞ்சம் தேய்ச்சு?”

“தேய்ச்சா, தேய்ச்சதும் தெரியும்.”

அவர் தலையாட்டினார். டாலர்களை டீச்சர் கொடுத்த துணிப்பையில் போட்டுக்கொண்டார். படியிறங்கும் முன் நின்றார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

அவர் வாயைத் திறந்தார். பிறகு, “ஒண்ணுமில்ல,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் வந்தார். சவரம் செய்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ரயில் ஏத்திவிட்டுட்டேன் டீச்சர்.”

மைமூன் அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டல. வெளியே உக்காந்துக்கிட்டு, ‘நீ போயிட்டு வாம்மா’ன்னு சொன்னேன். உள்ள சத்தமே இல்லை. தூங்கிட்டா போலன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கதவைத் திறந்துட்டு வந்து, என் பக்கத்துல தரையில உக்காந்தா. ரெண்டு பேருமா சோறு போட்டுச் சாப்பிட்டோம்.”

“நாணயம் கொடுத்தீங்களா?”

“கொடுத்தேன். எல்லாத்தையும் பார்த்தா. நசுங்கினதை மட்டும் எடுத்துக்கிட்டா. ‘மத்தது இங்கேயே இருக்கட்டும்ப்பா’ன்னுட்டா.”

கீழே யாரோ பேக்கரிக்காரரைக் கூப்பிட்டுப் பன் கேட்டார்கள்.

“ஸ்டேஷன்ல ஜன்னல் பக்கம் உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. வண்டி நகர்ற வரைக்கும் விடல. எப்பம்மா வருவேன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு டீச்சர். தீபாவளிக்கா, பொங்கலுக்கா, ஒரு வார்த்தை. கேக்கல.” அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். “கேட்டிருக்கணுமோ? ராத்திரி எல்லாம் அதே நினைப்பு. கேட்டிருந்தா மனசுக்கு ஒரு பிடி இருந்திருக்கும்.”

மைமூன் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

“கேட்டிருந்தா ஒரு தேதி சொல்லியிருப்பா,” என்றார். “இப்ப, அவளாவே வருவா.”