ஓடையை அடைத்த காட்டுப்பன்றி

ஒரு காட்டில், மலைச்சரிவின் பாறை இடுக்கிலிருந்து ஓர் ஊற்று சுரந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் முதலில் ஒரு மடுவில் விழும். மடு நிரம்பியதும் ஓடையாகக் கீழே இறங்கும். மடுவின் கரையில் ஒரு காட்டுப்பன்றி குடியிருந்தது. அதற்குக் கண்ணில் பட்டதெல்லாம் தன்னுடையதுதான். மர நிழலைக்கூட விட்டுவைக்காது, பிள்ளைகளே!

கோடை தொடங்கியது. வழக்கம்போல யானைகள் ஓடையில் நீர் குடித்தபடியே மேலே ஏறி வந்தன. ஊற்றுக்கண்ணை அடைத்திருந்த மண்ணையும் சருகையும் துதிக்கையால் வாரி வெளியே போட்டன. ஊற்று தாராளமாகச் சுரந்தது. பன்றிக்கோ யானைகள் மடுவைக் கலக்கியது மட்டும்தான் தெரிந்தது.

அவை போனதும் பன்றி மண்ணைத் தள்ளி, கல்லை உருட்டி, ஓடை புறப்படும் வாயை அடைத்துவிட்டது.

இரண்டு நாளில் கீழேயிருந்து ஒரு புள்ளிமான் வந்தது.

"அண்ணா, ஓடை வற்றிவிட்டது. என் குட்டி தாகத்தில் துவண்டு கிடக்கிறது. கொஞ்சம் திறந்துவிடுங்கள்."

"ஓடை உன் பாடு. மடு என் பாடு."

"இரண்டும் ஒரே தண்ணீர்தானே, அண்ணா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வந்த வழியே போ" என்று பன்றி கோரைப்பல்லைக் காட்டித் துரத்தியது.

மான்கள் வேறு காட்டுக்குப் போயின. நீர்நாய்களும் போயின. மடுவில் கிடந்த ஒரு கிழட்டு ஆமைதான் பன்றிக்குப் பேச்சுத்துணை.

மறு கோடை வந்தது. மழையில் சரிந்த மண் ஊற்றுக்கண்ணை மூடியிருந்தது. மடு நாளுக்கு நாள் இறங்கியது. பன்றி தோண்டிப் பார்த்தது. இடுக்குக்குள் அதன் மூக்கு நுழையவே இல்லை.

"யானைகள் ஏன் இன்னும் வரவில்லை?" என்று ஆமையிடம் கேட்டது.

"ஓடையில் தண்ணீர் இருந்தவரை அதைப் பிடித்துக்கொண்டு வந்தன. இப்போது எதைப் பிடித்துக்கொண்டு வரும், தம்பி?" என்ற ஆமை, மெல்லக் கரையேறியது. "நானும் கிளம்புகிறேன்."

"நீங்களுமா? இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன்."

"சேற்றைக் குடித்து எத்தனை நாள் இருப்பேன்?"

ஆமையும் போனது. பன்றி அவசரமாக அடைப்பை உடைத்தது. மிச்சமிருந்த நீர் பத்தடி ஓடி மணலில் சுவறிவிட்டது.

"மானே! யானையக்கா!" என்று கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை. தனியாக இருப்பது இவ்வளவு கொடுமை என்று அதற்கு அதுவரை தெரியாது. பயமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் மடுவில் ஈரம்கூட இல்லை. தாகம் தாங்காமல் பன்றி காய்ந்த ஓடையில் இறங்கி, மற்றவர்கள் போன தடத்தைத் தேடியது. மணலில் ஒரு சுவடும் இல்லை. எந்தப் பக்கம் போனால் தண்ணீர் கிடைக்கும் என்று கேட்க, அந்தக் காட்டில் ஒருவரும் இல்லை.

நீதி: பொதுவில் ஓடும் நீரைத் தனக்கென்று அடைப்பவன், நீரையும் இழப்பான், துணையையும் இழப்பான்.