மேஸ்திரியின் சாவிக்கொத்து

பல்லடம் பக்கத்து நூல் மில் ஒன்றில் யாருக்காவது வலிப்பு வந்தால் முதலில் தேடுவது மாரப்பன் மேஸ்திரியைத்தான். அவர் இடுப்பில் ஸ்டோர் ரூம் சாவிக்கொத்து தொங்கும். நல்ல கனத்த இரும்பு. அதைக் கையில் திணித்தால் வலிப்பு நிற்கும் என்று மில்லே நம்பியது. மேஸ்திரியும் நம்பினார், பாவம்.

முதலுதவிப் பயிற்சிக்கும் அவரைத்தான் அனுப்பினார்கள். பாடம் நடத்திய நர்ஸ் ரெஜினா சிஸ்டருக்கு அவர் மகள் வயது. வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுக்கக் கூடாது, கையைக் காலை அமுக்கக் கூடாது, வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே போனார்.

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. "அப்புறம் என்னத்தைத்தானுங்க சிஸ்டர் கொடுக்கிறது?"

"இடம் கொடுங்க," என்றார் சிஸ்டர்.

மேஸ்திரி தலையை ஆட்டி வைத்தார். மனசு ஒப்பவில்லை.

அடுத்த மாதமே ஸ்பின்னிங் பிரிவில் சென்றாயன் வலிப்பு வந்து விழுந்தான். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. மேஸ்திரி ஓடிப்போய் மெஷினை நிறுத்தினார். கூட்டத்தை விலக்கி, துண்டை மடித்து அவன் தலைக்குக் கீழே வைத்தார். அதற்குள் அவன் பெண்டாட்டி பொன்னுத்தாயி பக்கத்துப் பிரிவிலிருந்து ஓடிவந்து சாவிக்கொத்தைப் பிடித்து இழுத்தாள். அவர் தரவில்லை.

"என் புருசனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லோணும் மேஸ்திரி."

ஆளாளுக்கு வைதார்கள். கல்நெஞ்சக்காரன் என்றார்கள். ஐந்து நிமிஷம் தாண்டியும் இழுப்பு நிற்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லியிருந்தார் சிஸ்டர். மேஸ்திரி சுவர்க் கடிகாரத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இழுப்பு தானாக அடங்கியது. அவனை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் சென்றாயன் கண் திறந்து, ஷிப்ட் முடிந்துவிட்டதா என்று கேட்டான். பொன்னுத்தாயி அழுதுகொண்டே சிரித்தாள். அப்போதுதான் எல்லோருக்கும் மூச்சே வந்தது.

அவனை ஆஸ்பத்திரியில் காட்டிக் கூட்டிவந்த பிறகு, மேஸ்திரி சிஸ்டரைத் தேடிப் போனார். நடந்ததையெல்லாம் சந்தோஷமாகத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணுங்க சிஸ்டர். அவன் இழுத்துட்டுக் கெடக்கறான், நான் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கறேன். என் ரெண்டு கையும் நடுங்கின நடுக்கம் எனக்குத்தான் தெரியும். இன்னொருக்கா வந்தா அந்தக் கையை வச்சுட்டு நான் என்னங்க பண்றது?"

சிஸ்டர் சாவிக்கொத்தைக் கழற்றித் தரச் சொன்னார். வாங்கி, மேஸ்திரியின் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மூடினார்.

"அவனுக்குத்தானே வேண்டாம்னு சொன்னேன். நீங்க கெட்டியாப் பிடிச்சுக்கங்க, மேஸ்திரி."