ஐந்நூறாவது நாள்

எந்தக் கடற்கரை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள். கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்கித் தொட்டியில் சேர்க்கும் முனையம் அது. மைனஸ் நூற்று அறுபது டிகிரிக் குளிரில் வந்து இறங்கும். பார்க்கத் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். தொட்டால் சதை செத்துவிடும்.

அங்கே ஷிப்ட் பொறுப்பாளர் அமலோற்பவம். நாற்பத்திரண்டு வயது. வேலைமுறைகளைச் சீர்செய்ய என்று தலைமை அலுவலகம் அனுப்பிய அதிகாரி வைத்திலிங்கம். அவருக்கு ஐம்பத்தொன்று. வந்த முதல் வாரமே தனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதிகாரிகளில் இது அபூர்வம். அன்றிலிருந்து அந்த அம்மாவைக் குருவாக ஏற்று, பின்னாலேயே நடந்து, குழாய் குழாயாகக் கற்றுக்கொண்டார்.

பதிலுக்கு அவர் முனையத்துக்குக் கொடுத்தது ஒரு போர்டு.

கட்டுப்பாட்டு அறையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினால் கப்பலிலும் கரையிலும் எல்லாம் அப்படியே நின்றுவிடும். மறுபடி தொடங்க அரை நாள் ஆகும். முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு முறை யாராவது அழுத்திவிடுவார்கள். போய்ப் பார்த்தால் பாதி நேரம் ஒன்றும் இருக்காது. அதனால் வைத்திலிங்கம் அறை வாசலில் எழுதி மாட்டினார்: 'சிவப்புப் பொத்தான் அழுத்தாத நாட்கள்.' தினமும் காலை எட்டு மணிக்கு அவரே ஸ்டூலில் ஏறி எண்ணை மாற்றுவார். நூறாவது நாள் லட்டு. முந்நூறாவது நாள் ஆளுக்கொரு பிரஷர் குக்கர். ஐந்நூறு ஆனால் குடும்பத்தோடு குற்றாலம். பஸ்கூடப் பேசியாகிவிட்டது.

நானூற்றுத் தொண்ணூற்றெட்டாவது நாள் நடுப்பகலில், இறங்குதுறையில் ஒரு குழாய் இணைப்பு சொட்டியது. அறையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அப்போது பணியில் இருந்தவன் இசக்கிராஜ். அவன் பொத்தானை அழுத்தவில்லை. வாக்கி டாக்கியில் இறங்குதுறைத் தொழிலாளி அந்தோணிப்பிச்சையைக் கூப்பிட்டு, "என்னன்னு பாருங்கண்ணே" என்றான். ஆறு நிமிடம் கழித்து அதே வாக்கி டாக்கியில் அலறல் கேட்டது.

அதன் பிறகுதான் கப்பலுக்குச் சொல்லி, மெதுவாக நிறுத்தினார்கள். பதிவேட்டில் 'திட்டமிட்ட இடைநிறுத்தம்' என்று ஏறியது. பொத்தானை யாரும் தொடவில்லை அல்லவா? போர்டு மறுநாள் 499 ஆனது. அதற்கு மறுநாள் 500.

அந்த ஐந்நூறாவது நாள் காலையில் வைத்திலிங்கம் விசாரணை அறிக்கையோடு அமலோற்பவத்திடம் வந்தார். மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். இசக்கிராஜை வேலையை விட்டு நீக்கலாம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார். எழுதியதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"எட்டு வருஷ அனுபவம் மேடம். கை எட்டுற தூரத்துல பட்டன். ஏன் அழுத்தல?"

"அவன்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான்."

வைத்திலிங்கம் அறிக்கையைப் புரட்டினார்.

"இன்னொரு பட்டன் வைக்கலாமா? எல்லாருக்கும் திரும்பப் பயிற்சி குடுக்கலாமா? செக்லிஸ்ட்ல ஒரு வரி சேக்கட்டுமா? அடுத்தவன் கை அந்தப் பட்டனுக்குப் போகணும்னா என்ன செய்யணும் மேடம்?"

"அந்தோணிப்பிச்சையைப் பாத்தீங்களா?"

"அன்னிக்கே பாத்தேன். மயக்கத்துல இருந்தார்."

"இப்ப போங்க. போர்டுல இன்னிக்கு என்ன நம்பரோ, அதை அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க."

"நம்பரையா?"

"நம்பரை மட்டும்."

வைத்திலிங்கம் போனார். ஆஸ்பத்திரியில் அந்தோணிப்பிச்சை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையில் முழங்கை வரை கட்டு. மூன்று விரல்களை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வைத்திலிங்கத்துக்கு அந்தக் கையைப் பார்த்தபின் நம்பர் வாயில் வரவில்லை.

அந்தோணிப்பிச்சையே கேட்டார். "சார், இன்னைக்கு ஐந்நூறு ஆயிட்டுல்லா?"

"ஆயிடுச்சு."

"மாதாவே! நான் பயந்துட்டே இருந்தேன் சார். இசக்கி அழுத்தத்தான் போனான். 'நீ அழுத்தாதடே, ரெண்டு நாள்தான கெடக்கு, நான் பாத்துக்கிடுதேன்'னு நான்தான் வாக்கி டாக்கில சொன்னேன். ஈரத்துணியச் சுத்துனா அது உறைஞ்சு அடைச்சுக்கிடும். முன்னாடி ரெண்டு தடவை அப்படி அடைச்சிருக்கோம். இந்தத் தடவை துணியோட கையும் ஒட்டிக்கிட்டு."

"முன்னாடியா? எப்போ?"

"இருநூத்திப் பத்துல ஒண்ணு. நானூறுக்கு முந்தின நாள் ஒண்ணு."

மாதமோ தேதியோ அவர் சொல்லவில்லை. போர்டில் இருந்த எண்ணைத்தான் சொன்னார்.

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"எப்படி சார் சொல்ல? நீங்க காலைல அவ்வளவு சந்தோஷமா ஸ்டூல்ல ஏறுவீய."

பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"குற்றாலத்துக்கு எம் பொண்டாட்டி துணிமணியெல்லாம் எடுத்து வச்சிட்டா. நான் இல்லன்னாலும் அவளை பஸ்ல ஏத்திக்கிடுவீயளா சார்?"

மூன்று மணிக்கு வைத்திலிங்கம் முனையத்துக்குத் திரும்பினார்.

"சொன்னீங்களா?" என்று கேட்டார் அமலோற்பவம்.

"அவரே கேட்டுட்டார்."

வைத்திலிங்கம் அறிக்கையை மேசையில் விரித்தார். இசக்கிராஜ் பற்றிய வரியை அடித்தார். காரணம் என்ற இடத்தில் போர்டு என்றும், பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரையும் எழுதினார். எழுதும்போது அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"மாட்டின அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாமே மேடம்?"

அமலோற்பவம் அறிக்கையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வீட்லயும் அந்தக் குக்கர்லதான் சார் சோறு பொங்குது" என்றார். "என் பேரையும் எழுதுங்க."

வைத்திலிங்கம் எழுதினார். அறிக்கை போயிற்று.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். வாசலுக்கு வந்த இசக்கிராஜ் அவரைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான். வைத்திலிங்கம் போர்டிலிருந்து ஐந்தைக் கழற்றினார். இரண்டு பூஜ்யங்கள் மிச்சம் இருந்தன.

"இப்படியே இருக்கட்டும் மேடம். பூஜ்யத்துல இருந்து மறுபடி ஆரம்பிப்போம்."

அமலோற்பவம் ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அதை ஒண்ணுன்னு மாத்தணுமே சார்."