சடையாண்டியின் கைராசி

போன வருஷம் சடையாண்டி கிளறிய பொங்கலைத் தின்று பதினாலு பேர் படுத்தார்கள். பழனிக்கு நடந்து போன கூட்டம் பாதி வழியில் வேன் பிடித்து வீடு திரும்பியது.

இந்த வருஷமும் கரண்டி அவன் கையில்தான். ஆனால் ஒருத்தர் வயிறு கெட்டாலும் கீழே வைத்துவிட வேண்டும். அதுதான் பேச்சு.

"இவன் கைக்கு ராசி இல்லை. முருகனைப் பார்க்க மாட்டோம். முள்ளுக்காட்டைத்தான் பார்ப்போம்" என்றார் பெரியணன்.

எல்லாரும் சிரித்தார்கள். சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷம் பிடித்த கரண்டி. நேரே கூட்டத்தை நடத்திப் போகும் குருசாமியிடம் போனான்.

"கைராசிக்கு ஒரு மந்திரம் சொல்லுங்க, சாமி."

"போன வருஷம் காட்டுப் பக்கம் போயிட்டு வந்து, நேரா கரண்டியைத்தானே பிடிச்சே?"

சடையாண்டி தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

குருசாமி ஒரு சோப்புத் துண்டை அவன் உள்ளங்கையில் வைத்தார். செம்பைச் சாய்த்தார்.

"தேய். தேய்ச்சுக்கிட்டே, உன் கையால சாப்பிடுற இருபத்திரண்டு பேர் பேரையும் சொல்லு. கரண்டியைத் தொடுற ஒவ்வொரு தடவையும். ஒரு பேர் விட்டுப்போனா முதல்லேருந்து."

"மாலை போட்டாச்சு. எல்லாரும் சாமிதானே? பேர் எதுக்கு?"

"சாமிக்கு வயித்தால போகாது. நம்ம கூட்டத்துச் சின்னக்காளைக்குப் போகும்."

சடையாண்டி தேய்த்தான். பெரியணன் பேரை மட்டும் வேண்டுமென்றே விட்டான். குருசாமி மறுபடி செம்பைச் சாய்த்தார்.

மூன்றாம் நாள் ஓர் ஆறு வந்தது. கூட்டம் அள்ளிக் குடிக்கப் பாய்ந்தது. புண்ணிய நதியாம். குருசாமி குறுக்கே நின்றார்.

"ஆத்தைக் கும்பிடுங்க. தண்ணியைக் கொதிக்க வைங்க."

சடையாண்டி அடுப்பு மூட்டினான்.

நாலாம் நாள், போன வருஷம் வேன் ஏறிய புளியமரத்தடிக்கு வந்தார்கள். ஆளாளுக்கு வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். பசிதான். வேறொன்றுமில்லை. தாண்டி நடந்தார்கள்.

ஏழாம் நாள் மலை. இருபத்திரண்டு பேரும் சொந்தக் காலில் படியேறினார்கள். உச்சியில் நின்று சடையாண்டி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டான். ஒவ்வொரு பேருக்கும் ஓர் "அரோகரா!" வந்தது. பெரியணனின் அரோகராவில் புறாக்கள் பறந்தன.

அடிவாரத்தில் பெரியணனே இலை போட்டார்.

"கரண்டியை எடுப்பா. கைராசிக்காரன் போட்டாத்தான் எனக்கு இறங்கும்."

எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசி இலையில் சடையாண்டி உட்கார்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"மந்திரம் பலிச்சிருச்சு, சாமி. ஆனா அதில முருகன் பேரே இல்லையே?"

குருசாமி எழுந்து வந்தார். அவன் கைமேல் செம்பைச் சாய்த்தார்.

"உன் பேரும்தான் இல்லை. தேய்ச்சுக்கிட்டே சொல்லு."