நீலப் பானை, சிவப்புப் பானை

மங்கையர்க்கரசி டீச்சர் முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சேதுராமன் கைப்பேசியையும் ஒரு கட்டு விடைத்தாளையும் அவர் முன்னால் தொப்பென்று போட்டார்.

சேதுராமனுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். டீச்சர் அவரைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் சேதுராமன் இலக்கணம் படித்தது அந்த அம்மாளிடம்தான். அலுத்துப் போனால் இன்றும் வந்து நிற்பது அங்கேதான்.

“வெறுத்துப் போச்சு டீச்சர். எது பெயர்ச்சொல், எது வினைச்சொல்னு கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். சரி, விளையாட்டாவே சொல்லிக்கொடுப்போம்னு நாலு மாசம் மண்டையை உடைச்சு இந்த வீடியோ கேமைச் செஞ்சேன்.”

“பிள்ளைங்க ஆடினாங்களா?”

“ஆடினாங்களாவா? முக்கால்வாசிப் பேர் நூத்துக்கு நூறு! அதே சொல்லைத் தாள்ல கேட்டா ‘மாடு’ வினைச்சொல்லாம். நாளைக்குக் காலையில அஞ்சு பேரை இந்த கேமோட வட்டாரக் கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போகணும். அங்கேயும் தாள் கொடுப்பாங்க. மானம் போகப்போகுது. இதுங்களுக்கு வேற எப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறது?”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி உளுந்தின் மேல் வைத்தார். கைப்பேசியை எடுத்து ஆடத் தொடங்கினார்.

திரையில் சொற்கள் மேலிருந்து விழுந்தன. பெயர்ச்சொல்லைச் சிவப்புப் பானைக்கும் வினைச்சொல்லை நீலப் பானைக்கும் தள்ள வேண்டும். டீச்சரின் விரல் அங்கும் இங்கும் பறந்தது.

தொண்ணூற்றெட்டு.

“உங்களுக்கே பிடிச்சுப்போச்சு பாத்தீங்களா?”

“என்னென்ன சொல் வந்துச்சு சார்?”

“என்னைக் கேட்டா? நீங்கதானே ஆடினீங்க!”

“கண்ணாடி இல்லாம எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது.”

சேதுராமன் திரையைப் பார்த்தார். பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று பெயர்ச்சொல்லுக்கெல்லாம் சிவப்பும் வினைச்சொல்லுக்கெல்லாம் நீலமும் பூசியது அவர்தான்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு ஆட்டம் ஆடினார்.

நாற்பத்தொன்று.

“என்ன டீச்சர் இது?”

“வாசிச்சுக்கிட்டு நின்னுட்டேன். அதுக்குள்ள சொல் கீழ விழுந்துடுது. உங்க வகுப்புல ரொம்பக் கம்மி யாரு?”

“பேச்சிக்கனி. முப்பத்தெட்டு. ஆடும்போது எப்பப் பாரு உதட்டை அசைச்சுக்கிட்டே இருக்கும். நீ கண்காட்சிக்கு வரவேண்டாம்னு காலையிலதான் சொன்னேன். அழுதுட்டுப் போச்சு.”

“அது தாள்ல என்ன எழுதியிருக்கு?”

“கேம்ல வாங்கின மார்க் வரிசையில அடுக்கினேன், அது கடைசியில கிடக்கு. முதல் பத்துத் தாளைத் திருத்தினதுக்கே ரத்தம் கொதிச்சுப்போச்சு. முப்பத்தெட்டு வாங்கினது என்னத்தை எழுதிக் கிழிச்சிருக்கப்போகுதுன்னு…”

சேதுராமன் பாதியில் நிறுத்தினார். கட்டின் அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். சட்டைப்பையைத் தடவினார். கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

டீச்சர் தன்னுடையதைக் கழற்றி நீட்டினார்.

“இந்தாங்க சார். இதைப் போட்டுட்டு வாசிங்க.”