பல்லுச்சட்டை

ஒரு ஊர்ல ஒரு பல்லு இருந்துச்சாம். ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல, பல்லுதான். சிரிக்காத முகிலா, கண்ண மூடிக்கிட்டுக் கேளு. ம் கொட்டணும், இல்லன்னா அம்மா நிறுத்திடுவேன். அக்காவை ஏன் பாக்குற? அவ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. தூங்கிட்டாளாம். தூங்கட்டும், நல்லா தூங்கட்டும். இது உனக்குச் சொல்ற கதை.

அந்தப் பல்லு வைஜயந்தின்னு ஒரு பொண்ணோட வாயில குடியிருந்துச்சு. வைதேகி இல்லடா, வைஜயந்தி. அது வேற பொண்ணு, வேற ஊரு. உங்க அக்காவுக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. மத்த பல்லெல்லாம் ஒழுங்கா வரிசையில நிக்கும், இது மட்டும் முன்னாடி வந்து எட்டிப் பாக்கும். பஸ் வருதான்னு நடு ரோட்டுல இறங்கி எட்டிப் பாப்பாங்கல்ல, அப்படி. அதனால அந்தப் பொண்ணுக்குச் சிரிப்பு வந்தா டபக்குன்னு கை வாய்க்குப் போயிடும். ஸ்கூல் போட்டோல வாய் மேல கை. பொறந்தநாள் போட்டோல ஒரு கையில கேக் வெட்டுற கத்தி, இன்னொரு கை வாய் மேல. அவளுக்கு ஒரு அம்மா இருந்தா. அந்த அம்மா அந்தப் போட்டோவை எல்லாம் எடுத்து எடுத்துப் பாப்பா. ம் சொல்லு.

அப்புறம், தஞ்சாவூர்ல ஒரு பல் டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனா. கம்பி போட்டாங்க. ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்லடா, முழுசா ரெண்டு வருஷம். மாசாமாசம் பஸ்ஸு, மாசாமாசம் டோக்கன், மாசாமாசம் கம்பியை இறுக்குவாங்க, கிர்ர் கிர்ர்ன்னு. இறுக்கின அன்னிக்கு ரசஞ்சாதத்தைக் கரைச்சுக் குடிச்சுட்டு அழுதுக்கிட்டே படுப்பா. முறுக்கு கூடாது, கடலைமிட்டாய் கூடாது. பொங்கல் வந்தா வீடே உக்காந்து கரும்பைக் கடிச்சுத் துப்பும், இவ மட்டும் ஓரமா உக்காந்து வேடிக்கை பாப்பா. அந்த அம்மாவும் ரெண்டு பொங்கலுக்குக் கரும்பைத் தொடல. ஏன்னு யாரும் கேக்கவும் இல்ல, அவ சொல்லவும் இல்ல.

அப்போ ஒரு நாள் கம்பியைக் கழட்டினாங்க. எட்டிப் பாத்த பல்லு உள்ள போயி சமத்தா வரிசையில நிக்குது! அந்தப் பொண்ணு கண்ணாடியைப் பாத்து ஈன்னு சிரிச்சா. ரெண்டு கையும் சும்மா பக்கத்துல தொங்குது, எந்தக் கையும் வாய்க்குப் போகல. அந்த அம்மாவுக்கு அங்கயே அழுகை வந்துடுச்சு. கண்ணுல தூசின்னு டாக்டரம்மாகிட்டப் பொய் சொன்னா.

ஆனா அந்த டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "பல்லுக்குப் பழைய இடம் மறக்காதும்மா. விட்டா மெள்ள மெள்ளத் திரும்பிப் போயிடும். இதைப் போட்டுப் புடிச்சு வைக்கணும்"னு ஒரு சாமானைக் குடுத்தாங்க. கண்ணாடி மாதிரி இருக்கும், பல்லு வரிசை மேல வச்சு அழுத்தினா 'டக்'குன்னு உக்காரும். அதுக்குப் பேரு ரிடெய்னர். அந்த அம்மா வாயில அது நுழையல, பல்லுச்சட்டைன்னு பேரு வச்சா. ஆறு மாசம் ராத்திரி பகல் ரெண்டும் போடணும், அப்புறம் ராத்திரி மட்டும். சாப்பிடறப்ப கழட்டணும். கழட்டினா டப்பாவுல வைக்கணும். இவ்வளவுதான்டா. மலையைத் தூக்கச் சொன்னாங்களா, கடலைத் தாண்டச் சொன்னாங்களா? டப்பாவுல வைக்கணும். அவ்வளவுதான்!

வச்சாளா? எங்க வச்சா!

ஒரு கல்யாணத்துக்குப் போனாங்க. பந்தியில உக்காந்தாச்சு. டப்பா அம்மாவோட கைப்பையில, அம்மா எதிர் வரிசையில. ஒரு குரல் குடுத்தா அந்த அம்மா பந்தியைத் தாண்டிக் குதிச்சு வந்திருப்பா. மகாராணி கூப்பிடல. பல்லுச்சட்டையைக் கழட்டி இலை ஓரமா, உப்புக்குப் பக்கத்துல வச்சுட்டா. சாம்பார் வந்துச்சு, வத்தக்குழம்பு வந்துச்சு, பாயசம் வந்துச்சு, அப்பளத்தை நொறுக்கினா, நொறுக்கு நொறுக்குன்னு. திருப்தியா சாப்பிட்டுட்டு, என்ன பண்ணினா சொல்லு பாப்போம்? இலையை மடிச்சுட்டா! சாப்பிட்டு முடிச்சா இலையை மடிக்கணும், அதுதான் மரியாதைன்னு சொல்லிச் சொல்லி வளத்தது யாரு? அந்த அம்மாதான். ஆயிரம் விஷயம் சொல்லிக் குடுத்திருக்கா, அந்தப் பொண்ணு மறக்காம செஞ்சது இது ஒண்ணுதான்.

கை கழுவுற இடத்துல வந்து, "அம்மா, பல்லுச்சட்டை"ங்குறா.

"டப்பா தரவா?"

"இலையில இருந்துச்சும்மா."

அந்த அம்மாவுக்குத் தலை கிர்ருன்னு சுத்துச்சு. மண்டபத்துக்குப் பின்னாடி ஓடினா. அங்க எச்சில் இலை மலையா குவிஞ்சு கிடக்கு. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு உக்காந்து ஒவ்வொரு இலையா பிரிக்கிறா. சரக் சரக். பாயசம் வழியுது, மோர் வழியுது, ஒவ்வொரு இலையிலயும் வெறும் கறிவேப்பிலை. இலை எடுக்குற அம்மா பாத்துட்டு, "என்னக்கா, மூக்குத்தியா"ன்னு கேட்டாங்க. "இல்லம்மா, பல்லு செட்டு." "ஐயோ பாவம், வயசான காலத்துல யாரு தொலைச்சது?" "வயசானவங்க இல்லம்மா, பதினாலு வயசுக் கழுதை ஒண்ணு." அவங்களும் பாவம் கூட உக்காந்து தேடினாங்க. மாப்பிள்ளையோட சித்தப்பா அந்தப் பக்கம் வந்தவரு, "ஏம்மா, உங்களுக்கு இலை போடலையா"ன்னு கேட்டுட்டாரு. சிரிக்காத! அன்னிக்கு அவ பட்ட வெக்கம் அவளுக்குத்தான் தெரியும்.

அப்போ ஓரத்துல ஒரு மாடு இலையை மென்னுக்கிட்டு நிக்குது. கறுக் மொறுக், கறுக் மொறுக். இலை மெல்லுற சத்தம் இப்படி வராதேன்னு அந்த அம்மா நிமிர்ந்து பாத்தா. பாதியைத் துப்பிடுச்சு. நல்லவேளை, மாட்டுக்கு ஒண்ணும் ஆகல. பல்லுச்சட்டை போயே போச்சு.

முதல் சட்டை அப்படிப் போச்சா, ரெண்டாவது வாங்கினாங்க. மறுபடி தஞ்சாவூரு, மறுபடி வாயில மாவு வச்சு அச்சு எடுக்க, மறுபடி காத்திருக்க. வந்துச்சு. ரெண்டு மாசம் ஒழுங்காத்தான் போட்டா. அதுவும் போச்சு. எப்படின்னா... அது எப்படிப் போச்சுன்னு இப்ப என்னத்துக்கு? மூணாவதுக்குப் போவோம். என்ன? சொல்லணுமா? சரி, சொல்றேன், சும்மா கேளு.

அந்த அம்மாவுக்குச் சுத்தம்னா உயிரு. பச்சத்தண்ணியில கழுவினா போதும்னு டாக்டரம்மா சொன்னாங்க. பச்சத்தண்ணியில கிருமி எப்படிப் போகும்? குழந்தைங்க பால் புட்டியை எல்லாம் கொதிக்க வச்சுத்தானே குடுத்தா, இதுக்கு மட்டும் என்னவாம்? இட்லிப் பானையில தண்ணி கொதிக்குது, பதினோரு குழியில மாவு ஊத்தியாச்சு, ஒரு குழி காலியா இருக்கு. அதுல எடுத்து வச்சு மூடிட்டா. புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி வந்துச்சு. பத்து நிமிஷம் கழிச்சுத் தொறந்தா பதினோரு இட்லி பூ மாதிரி வெந்திருக்கு. பன்னெண்டாவது குழியில வெயில்ல போட்ட வத்தல் மாதிரி ஒண்ணு சுருண்டு கிடக்கு.

"அது நீதானம்மா"வா? யாருடா சொன்னா? கதைக்கு நடுவுல பேசக்கூடாதுன்னு சொன்னேன்ல. அந்த அம்மாவும் மனுஷிதானே? தப்பு நடக்காதா? பொண்ணுகிட்டப் போயி, "தப்பு என் பேர்லதான்டி, மன்னிச்சுக்கோ"ன்னு வாய் விட்டுச் சொன்னா. அந்தப் பொண்ணு அன்னிக்கு முழுக்க விழுந்து விழுந்து சிரிச்சா. வாயை மூடிக்காம சிரிச்சா. அதனால அந்த அம்மாவுக்கு அப்புறம் வாங்கின திட்டு கூட வலிக்கல. டாக்டரம்மாகிட்ட திட்டு வாங்கினா, ஆமா. அத விடு.

அப்புறம் மூணாவது வந்துச்சு. அத மாடு திங்கல. இட்லிப் பானையிலயும் போகல. பத்திரமா டப்பாவுக்குள்ளயே இருக்கு. அப்ப என்ன பிரச்சனைங்குறியா? டப்பாவுக்குள்ளயே இருக்குறதுதான்டா பிரச்சனை! டப்பாவுக்கா பல்லு கோணியிருக்கு?

"போட்டியாடி?"

"சளியா இருக்கும்மா, மூச்சு முட்டும்."

மறுநாள், "போட்டியாடி?"

"பரீட்சைம்மா, அதைப் போட்டா மனசு படிப்புல நிக்கல."

அதுக்கு மறுநாள், "ம்ம், போட்டுட்டேன்"னு போர்வைக்குள்ளேருந்து ஒரு சத்தம். அந்த அம்மா டப்பாவைப் பாக்குறா, மூடி மேல பவுடர் படிஞ்சிருக்கு. விரல் தடம் ஒண்ணு இல்ல. மூணு வாரத்துப் பவுடர்! தொலைஞ்ச பொருளைத் தேடலாம், உடைஞ்சதை மாத்தலாம். கண்ணு முன்னாடி இருக்குறதை எடுத்து வாயில வைக்காத பொண்ணை என்னடா பண்றது? கத்திப் பாத்தா. கெஞ்சிப் பாத்தா. ரெண்டு நாள் பேசாமக் கூட இருந்து பாத்தா. பேசாம இருந்தது அந்தப் பொண்ணுக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு.

முகிலா? ம் காணோமே. இருக்கியா? சரி, சரி, கண்ணைத் தொறக்காத, இன்னும் கொஞ்சம்தான்.

அப்போ போன ஞாயித்துக்கிழமை ஒரு வளைகாப்பு. எல்லாரும் நின்னு போட்டோ எடுத்தாங்க. சிரிங்க சிரிங்கன்னு போட்டோக்காரர் கத்துறாரு. ஏதோ ஜோக்கு சொன்னாரு, எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. அந்த அம்மா பொண்ணைத் திரும்பிப் பாத்தா. அவளும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே கையை மெள்ளத் தூக்கினா. தூக்கி வாய் மேல வச்சுக்கிட்டா.

யாரும் கவனிக்கல. அந்த அம்மா மட்டும் பாத்தா. அவளுக்குக் கோவம் வரலடா, பயம் வந்துச்சு. மறுநாளே ஸ்கூல்லேருந்து நேரா தஞ்சாவூருக்கு இழுத்துட்டுப் போனா. டாக்டரம்மா லைட்டைப் போட்டுப் பாத்துட்டு, "கிளம்பிடுச்சும்மா, கொஞ்சம் வெளிய வந்திருக்கு. இப்பப் போட்டா இறுக்கமா இருக்கும், வலிக்கும், ஆனா உக்காந்துடும். ஒரு வாரம் பாக்கலாம். அதுக்கு மேல விட்டா இது உக்காராது, மறுபடி கம்பிதான்"னாங்க.

இன்னியோட அஞ்சு நாள் ஆச்சு. அஞ்சு நாளா அந்த டப்பா அந்தப் பொண்ணோட தலகாணிக்குப் பக்கத்துலயே இருக்கு. அந்த அம்மா இனிமே கத்தமாட்டா, அவளுக்குத் தொண்டையும் இல்ல, தெம்பும் இல்ல. வலிக்கும்னு பொண்ணு பயப்படுறான்னும் அவளுக்குத் தெரியும். இவ்வளவு நாள் போடாம விட்டோமேன்னு வெக்கமா இருக்குன்னும் தெரியும். பத்து மாசம் சுமந்தவளுக்கு இதுகூடவா தெரியாது? அவளுக்குப் பல்லு நேரா நின்னா என்ன, கோணி நின்னா என்ன. அந்தக் கை வாய்க்குப் போகக்கூடாது. அவ்வளவுதான் அந்த அம்மாவுக்கு வேணும்.

அப்புறம் என்னாச்சுன்னு கேக்குறியா? எனக்குத் தெரியாதுடா. கதை அந்த டப்பாவுக்கு முன்னாடி வந்து நின்னுக்கிட்டிருக்கு. முகிலா? டேய்? தூங்கிட்டான். வாயைப் பொளந்துக்கிட்டு எப்படித் தூங்குறான் பாரு. ம் கொட்ட ஆளில்லாம நான் யாருக்கு மீதியைச் சொல்றது?

"ம்."

யாரது? சுவத்துப் பக்கத்துலேருந்து வருது! தூங்குறவங்க ம் கொட்டுவாங்களா என்ன? சரி, கொட்டட்டும். நான் ஒண்ணும் கேக்கல, திரும்பியும் பாக்கமாட்டேன். எனக்கு என்ன வந்துச்சு, நான் பாட்டுக்கு இவனுக்குப் போர்வையை இழுத்து விடுறேன்.

என்னமோ டப்பா தொறக்குற சத்தம். கடக். இருக்கும், எலியா இருக்கும்.

ஸ்ஸ்... ஆ... வலிக்கும். வலிக்கத்தான் செய்யும். ஒரே பக்கமா அழுத்தாத, ரெண்டு கட்டைவிரலையும் வச்சு ரெண்டு பக்கமும் சேத்து அழுத்து. மெள்ள. இன்னும் கொஞ்சம். அவசரப்படாத கண்ணு, நான் இங்கதான் இருக்கேன்.

டக்!

அப்பாடா. உசுரு வந்துச்சு எனக்கு. அழாத. நாளைக்கு இந்த அளவு வலிக்காது, அதுக்கு மறுநாள் இன்னும் குறையும். காலையில ரசஞ்சாதம் கரைச்சுத் தர்றேன். தை பொறக்கட்டும், ராத்திரி எல்லாம் சமத்தா போட்டுட்டு பகல்ல கழட்டி வச்சுட்டு, நீயும் நானும் ஒரு கட்டுக் கரும்பை வாங்கி வாசல்லயே உக்காந்து கடிப்போம். ஏன் அப்படிப் பாக்குற? ஆமா, நானும் ரெண்டு வருஷமாத் திங்கலதான். வேற எந்த அம்மாவைப் பத்தின்னு நெனச்ச?

டப்பா என் கையில, சட்டை உன் வாயில, கதை அதோட இடத்துல உக்காந்துடுச்சு. வாயை மூடு, கண்ணையும் மூடு. தூங்கு, வைஜயந்தி.